சக்கரக் கணக்கு

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று கல்லூரிக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதரின் முழங்காலைப் பிடித்து முதல் கியர் போட்டுவிட்டேன்.

கணிதம், கம்ப்யூட்டர் இரண்டு துறைகளிலும் உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்லியிருந்தார்கள். எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. நானோ விடிவதற்கு முன்னால் வண்டி எடுத்தவன். பேசியவர் நல்ல தமிழில், ஏற்ற இறக்கம் இல்லாமல், தாலாட்டுகிற மாதிரி பேசினார். கண்ணசந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே மைதானத்தில் விளையாட்டு வாத்தியார் இரண்டு விசில் அடித்தார். மினிபஸ் டிரைவருக்கு ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். என் இடது கால் தரையை மிதித்தது. இடது கை பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்து முன்னால் தள்ளியது. அகப்பட்டது பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கால்.

அவர் உதவித்தொகை கொடுக்கும் பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளராம். கோபப்படவில்லை. “எந்த ஊருக்குப் போறோம்?” என்று மட்டும் கேட்டார்.

பின் வரிசையில் இருந்த ஞானமுத்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான். அவன் எங்கள் வண்டியின் கண்டக்டர். அவன் மகள் பியூலாவும் என் மகள் பிரம்மசக்தியும் பி.எஸ்.சி. கணிதம் முதல் வருடம், ஒரே பெஞ்சு. சாயங்காலத்துக்குள் வண்டியில் ஏறிய அத்தனை பேருக்கும் டிக்கெட்டோடு சேர்த்து என் கியர் கதையையும் கிழித்துக் கொடுத்துவிட்டான்.

பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை தவறியவன் இந்த வெயிலுமுத்து, அதாவது நான். அவன் மகள் கணிதம் படிக்கிறாள். டயர் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் இதையாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நான் தூங்கிய நேரத்தில்தான் முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தூங்குவதற்கும் ஒரு முகூர்த்தம் வேண்டும்.

பிரம்முதான் இன்று நிதானமாக விளக்கினாள். கணிதம் படிக்க ஆள் வருவதில்லையாம். வருகிறவர்களை இழுப்பதற்காக, சேர்ந்த எல்லாருக்கும் முதல் வருடம் கட்டணம் இல்லை. அப்படி வந்தவர்களும் பாதியில் போய்விடுகிறார்கள். சிலர் வேலைக்கு, சிலர் கல்யாணமாகி, சிலர் வேறு படிப்புக்கு. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து துறைக்கு ஒரே ஒருவருக்கு, எம்.எஸ்.சி. முடிகிற வரைக்கும் படிப்பு, விடுதி, புத்தகம் எல்லாம் சங்கத்தின் செலவு. யார் அந்த ஒருவர் என்றால், முதல் வருட மார்க்கில் முதலில் வருகிறவர்.

“போன செமஸ்டர்ல யாரு மொதல்?” என்றேன்.

“நான்தாம்ப்பா.”

“ரெண்டாவது?”

“பியூலா. அஞ்சு மார்க் கம்மி.”

என் மனைவி சண்முகக்கனி அம்மியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அரைக்க ஆரம்பித்தாள். அவள் பேசாமல் அரைத்தால் துவையல் நைசாக வரும். இன்று மிகவும் நைசாக இருந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடைசி டிரிப். திசையன்விளையிலிருந்து கூட்டம் குறைவு. பிள்ளைகள் எப்போதும் போல என் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பியூலா பாதிவழியில் அத்தை வீட்டுக்கு இறங்கிவிட்டாள். காசை எண்ணி முடித்துவிட்டு ஞானமுத்து முன்னால் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, நம்ம பிள்ளையல்ல ஒண்ணுக்குத்தானாமே.”

“ஆமாவே.”

“எனக்கு இந்த வருசத்துக்கு மேல படிக்க வைக்க ஓட்டம் கிடையாது. பியூலாவுக்குக் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலைன்னா திருப்பூருக்கு அனுப்பிர வேண்டியதுதான். எந்தங்கச்சி அங்க பனியன் கம்பெனியில இருக்கா. எடம் பாத்து வச்சிருக்கேன்னு சொல்லிட்டா. அடுத்து மூணு பிள்ளைய கெடக்குல்லா.”

“ஒரு வருசம் படிச்ச பிள்ளையவே பாதியில நிறுத்துவியா?”

“நிறுத்தணும்னு ஆசையா எனக்கு? நீங்க ஒத்தப் பிள்ளக்காரரு. எப்பிடியும் தட்டி முட்டி பி.எஸ்.சி. முடிச்சிருவிய. நான் எதைத் தட்ட?”

பிரம்மு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இருட்டுக்கும் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் நடுவே அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பின் டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. முதலாளி டயர் வாங்கியதற்கு மூன்று தடவை பெருமூச்சு விட்டார். கனி அரிசி வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஞானமுத்து என்னோடு பேசுவதில்லை. நானும் அவனோடு பேசுவதில்லை. சண்டை எதுவும் கிடையாது. வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். பதினொரு வருடம் ஒரே வண்டியில் ஓடுகிறோம். அவன் பேச்சை நிறுத்தினால்தான் தெரிகிறது, இந்த வண்டியில் இன்ஜின் சத்தம் எவ்வளவு என்று.

இப்போது விசில்தான் பேச்சு. ஆள் ஏறினால் இரண்டு. இறங்க ஒன்று. பின்னால் லாரி வந்தால் விட்டு விட்டு நான்கு. டீ குடிக்கலாம் என்பதற்கு நீளமாக ஒன்று. அதை நேற்றுத்தான் கண்டுபிடித்தான். நான் ஹாரனில் பதில் சொல்கிறேன்.

மீன் கூடையோடு வரும் செசிலிக்கு எதுவும் தப்பாது. “என்னவே, ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி கணக்கா மொகத்தைத் திருப்பிட்டு இருக்கிய? யாரு யாருக்குச் சோறு வைக்கல?” என்றாள். வண்டியே சிரித்தது. ஞானமுத்துவும் சிரித்தான். கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மார்ச் 17, ஞாயிறு

கனி ஒரு யோசனை சொன்னாள். பிரம்முவுக்குக் கிடைத்தால், நாம் அவள் படிப்புக்கு ஒதுக்கி வைத்ததை பியூலாவுக்குக் கட்டினால் என்ன என்று. நல்ல யோசனைதான். ஞானமுத்துவைத் தெரியாதவர்களுக்கு.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தி கனி பியூலாவுக்கு ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது நாள் கனிக்கு ஒரு சேலை வந்து இறங்கியது, சுடிதாரைவிட உசத்தியாக. அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலாளி கை கொடுத்தார். அதற்குப் பதிலாக அந்த வருடம் முழுக்க அவன் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு விசில் ஊதினான். பிறத்தியார் புண்ணியத்தில் என் பிள்ளை படிக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே திருப்பூர் வண்டியில் ஏற்றிவிடுவான்.

“அப்ப நம்ம பிள்ள ஜெயிக்கணும்னு நெனைக்கியளா, அவன் பிள்ள ஜெயிக்கணும்னு நெனைக்கியளா?” என்றாள் கனி.

“இது என்ன கேள்வி?” என்று சொல்லிவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி முதலாளி வீட்டில் நிற்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர் நேற்றே ஊற்றியது ஞாபகம் வந்தது.

என் பிள்ளைதான் ஜெயிக்க வேண்டும். அதில் என்ன கேள்வி.

ஏப்ரல் 3, புதன்

பிரம்முவிடம் எம்.எஸ்.சி. முடித்து என்ன செய்வாய் என்று கேட்டேன். ஆராய்ச்சியாம். கணக்கில் ஆராய என்ன இருக்கிறது, எல்லாவற்றையும்தான் போட்டு முடித்துவிட்டார்களே என்றேன். யாருக்கும் விடை தெரியாத கணக்குகள் இன்னும் நிறைய இருக்கின்றனவாம். நான் பத்தாவதில் எழுதியது எல்லாம் அந்த வகைதான் என்றேன். வெகுநேரம் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது என்பது அவள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். வண்டி ஓடவில்லை. புளி உடைத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வண்டி கழுவப் போனேன். செவ்வாய்க்கிழமை கடைசிப் பரீட்சை. பிரம்முவும் பியூலாவும் புத்தகத்தோடு முதலாளி வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். பியூலா அழுகிற முகத்தோடு இருந்தாள்.

“மாமா, இந்த ஒண்ணு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்கு. நிச்சயம் இதைக் கேப்பாவ. பதினஞ்சு மார்க்.”

என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? ஆனால் கேட்டுவைத்தேன். ஓடுகிற சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி இருந்தால் அந்தப் புள்ளி காற்றில் எப்படிப் போகும், அது போகிற பாதையின் நீளம் எவ்வளவு என்பது கணக்கு. சைக்ளாய்டோ என்னவோ பெயர் சொன்னார்கள்.

“வட்டமாத்தான் சுத்தும். இதுக்கு ஒரு பரீட்சையா?” என்றேன்.

“இல்லப்பா,” என்றாள் பிரம்மு. சாக்பீஸை எடுத்துவந்து முன் டயரில், தரையைத் தொடும் இடத்துக்கு மேலே, பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். “வண்டிய மெதுவா முன்னால எடுங்க. பியூலா, நீ புள்ளியை மட்டும் பாரு.”

எடுத்தேன். பிரம்மு வண்டிகூடவே குனிந்து நடந்துவந்தாள், விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே. பின்னால் எடுத்தேன். மறுபடியும் முன்னால். சாமி புறப்பாட்டுக்குக்கூட நான் இவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. புள்ளி வட்டமாகப் போகவில்லை. தரையிலிருந்து எழும்பி, பாலத்து வளைவு மாதிரி உயரப் போய், மறுபடி தரையில் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருடம் அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

“தரையைத் தொடும்போது ஒரு நொடி நிக்குது பாத்தியா?” என்றாள் பிரம்மு. “அங்கன இருந்துதான் ஆரம்பிக்கணும்.”

நாலாவது தடவை பியூலா “ஏட்டி, இரு இரு” என்று கத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டாள். பிரம்மு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் “ம்” போட்டாள். முடித்ததும் இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு ஞானமுத்து வாளியோடு வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து என்னிடம் வாய் திறந்தான்: “அண்ணாச்சி, டீசல் என்ன உம்ம அப்பன் வீட்டுதா? முன்னால பின்னால ஓட்டி விளையாடுதிய?”

டீ குடித்தோம். விசில் அடிக்காமல் கூப்பிட்டான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. எப்படி என்றேன். “எழுதியாச்சுப்பா” என்றாள். ரசம் ஊற்றிக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். பியூலா வண்டியில் ஏறும்போதே, “மாமா, சக்கரக் கணக்கு வந்திட்டு!” என்று கூவிக்கொண்டு வந்தாள். பிரம்மு இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அலுப்பு.

மே 12, ஞாயிறு

கல்யாண டிரிப், ஆத்தூர் வரை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் ஏற வேண்டிய கூட்டத்தை என் மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். வழியெல்லாம் பாட்டு. எனக்கு இடுப்பு வலி.

மே 26, ஞாயிறு

பிரம்மு மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “எப்பா, பி.எஸ்.சி.யோட நிறுத்திட்டு பி.எட். முடிச்சி டீச்சர் ஆனா நல்லாத்தான இருக்கும்?”

“ஆராய்ச்சின்னு சொன்ன?”

“சும்மா சொன்னேன்.”

ரிசல்ட் வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பயம் வருவது சகஜம். வடகத்தைக் காகம் கொத்தாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

ரிசல்ட். பியூலா முதல். பிரம்மு இரண்டாவது. மொத்தத்தில் எட்டு மார்க் வித்தியாசம். அந்தக் கடைசிப் பேப்பரில்தான் விழுந்திருக்கிறாள்.

ஞானமுத்து காலை டிரிப்பில் விசிலே ஊதவில்லை. ஊர்க்காரர்கள் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்தினார்கள். மத்தியானம் என் முன்னால் வந்து, “அண்ணாச்சி…” என்றான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

வீட்டில் கனி முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். பிரம்மு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் பாதியில் கை கழுவிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கணிதத் துறைத் தலைவி வசுமதி மேடம். மின்விசிறிக்குக் கீழே உட்காரவில்லை.

“பிரம்மசக்தி அப்பாதானே? நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கணும். கடைசிப் பரீட்சை அன்னைக்கு ஹால்ல நான்தான் இருந்தேன். கடைசி அரைமணி நேரம் உங்க பொண்ணு பேனாவை மூடி வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தா. பதினஞ்சு மார்க் கேள்வி, சைக்ளாய்டு, ஒரு வரி எழுதல. கிட்டப் போய்க் கேட்டேன். ‘தெரியல மேடம்’னா.”

“சைக்ளாய்டு…” என்றேன்.

“சக்கரம் உருள்ற கணக்கு. அவளுக்கு வராத கணக்கே இல்ல, அதான் மனசு கேக்கல. அன்னைக்கு உடம்புக்கு முடியலையா? காய்ச்சல், மயக்கம்? அப்படி இருந்திருந்தா ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவாங்க. கமிட்டியில வெச்சு அந்த ஒரு பேப்பரை மறுபடி எழுத விடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கப்புறம் உதவித்தொகை பெயரை அனுப்பிடுவோம்.”

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறந்திருப்பாள். பரீட்சை ஹாலில் பிள்ளைகளுக்கு மறதி வருவது உண்டு. எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. அது பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு டயரில் சாக்பீஸ் புள்ளி வைத்து அவளே காட்டிய கணக்குதான். இருந்தாலும் மறக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

காலை டிரிப் முடிந்ததும் டாக்டரிடம் போனேன். நம் வண்டியில் வருகிற கம்பவுண்டர் இருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் சர்டிபிகேட் கிடைக்கும். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார்.

இடுப்பு வலி என்றேன். குப்புறப் படுக்கவைத்து நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டுகிற வேலையா என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் பிரம்மு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கனி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பிள்ள, கடைசிப் பரீட்சை அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல் இருந்திச்சோ?”

அலசுவதை நிறுத்தினாள். “இல்லப்பா.”

“தலைசுத்தல்? சரியாச் சாப்பிடாமப் போனியோ?”

“எப்பா.” நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். “நான் அன்னைக்கு நல்லா இருந்தேன். ஒரு கொறையும் இல்ல. மேடம் கேட்டா அப்படியே சொல்லுங்க.”

மேடம் கூப்பிட்டார் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

கொடியில் போட்ட சட்டையை கனி எடுத்து உதறி மறுபடியும் போட்டாள். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் கிடந்தது.

“நம்ம வீட்டுல ஒண்ணும் குடி முழுகிப் போகாதுல்லாப்பா?” என்றாள் பிரம்மு. “பி.எஸ்.சி. வரைக்கும் நீங்க படிக்க வச்சிருவிய. எனக்குத் தெரியும்.”

ஞாயிறு கல்யாண டிரிப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும். பி.எஸ்.சி. வரைக்கும் ஓட்டிவிடலாம். அதற்குமேல் முடியாது. அதுவும் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

ஜூன் 14, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாதாம்.”

“நிஜமாவா?”

“அப்பன் புத்தி மேடம். நான் பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவன். எங்கயாவது ஒரு எடத்துல ரத்தம் காட்டத்தான செய்யும்.”

மேடம் சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார்கள். வாசல்வரை வந்து, “அவளை மட்டும் வேற படிப்புக்கு மாத்திடாதீங்க. கணிதத்தை விட்டுப் போயிடக் கூடாது” என்றார். மாற்ற மாட்டேன் என்று சொன்னேன்.

முற்றத்தில் இறங்கியதும் வழி மறந்துபோனது. நூலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டு வழியாக, எங்கேயோ பின்வாசலில் வெளியே வந்தேன். தினமும் வருகிற ஊர்.

ஜூன் 17, திங்கள்

பிரேக் பிடிக்கவில்லை. ஷெட்டில் விட்டோம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் பியூலாவின் பெயர் வந்துவிட்டது. எம்.எஸ்.சி. முடிகிறவரை.

கடைசி டிரிப்பில் ஞானமுத்து அல்வாப் பெட்டியோடு ஏறினான். சலவைச் சட்டை. டிக்கெட் கொடுத்தது பாதி, அல்வா கொடுத்தது பாதி. அவனை அப்படி நான் பார்த்ததில்லை. ஆளே ஒரு சாண் வளர்ந்திருந்தான்.

செசிலி கூடைமேல் உட்கார்ந்து அல்வாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “டிரைவரு மகள்தான் கெட்டின்னு சொல்லுவிய?”

“பிரம்முவும் கெட்டிதான், யாரு இல்லைன்னா?” என்றான். “ஆனா அந்தச் சக்கரக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு பாத்தியளா, அது காலேஜுலயே பெரிய கணக்கு. பிரம்முக்கே வரல. ஒத்த வரி எழுதலையாம். எம்பிள்ள போட்டுட்டா! முழு மார்க்! டிக்கெட் கிழிக்கவன் மக!”

வண்டியில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான் போல. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணாச்சி, சந்தோசத்துல வாய் தவறி வந்துட்டு. தப்பா எடுத்துக்கிடாதிய” என்றான்.

“இதுல என்னவே தப்பு? கெட்டிக்காரி ஜெயிக்கா. அல்வா எங்க எனக்கு?”

இரண்டு கையாலும் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெருமை ஒன்றுதான் அவனுக்கு யாரும் கொடுக்காமல் கிடைத்தது. இதற்குப் பதிலாக அவன் யாருக்கும் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. வெகுதூரம் மூன்றாவது கியரிலேயே ஓட்டியிருக்கிறேன். இன்ஜின் கதறியதை செசிலி சொல்லித்தான் கவனித்தேன்.

மீதி அல்வாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிரம்மு வாழையிலைத் துண்டைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“மாமா சந்தோசமா இருந்தாவளா?”

“வண்டி பூரா அல்வா கொடுத்தான்.”

“என்ன சொன்னாவ?”

“பியூலா ஒன்னைவிடக் கெட்டியாம்.”

“ஆமாப்பா. கெட்டிதான்.” சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. இலையில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “ஒங்களுக்கு எம்மேல கோவமாப்பா?”

“எதுக்குக் கோவம்? தெரியாத கணக்கை எப்படி எழுதுவ?”

தலையைக் குனிந்துகொண்டாள். சமையல்கட்டில் கனி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று மறுபடி கேட்டது. பிரம்மு எழுந்து, போகிற போக்கில் என் தோளில் ஒரு கையை வைத்து எடுத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

தொண்டைவரை வந்து, நான் அல்வாவோடு சேர்த்து விழுங்கியது இது: நீ எழுதியிருக்கலாம் பிள்ள. ஒங்க அப்பன் ஒன் அளவுக்கு நல்லவன் இல்ல.